வைரஸ் ‘கண்டறிய முடியவில்லை’ என்று ரிப்போர்ட் வந்தும் கணவர் தனிக் கட்டிலில் படுக்கிறார்

கேள்வி: எனக்கு வயது 31. திருமணமாகி நான்கு வருடம் ஆகிறது. சென்ற ஆண்டு தொடர் காய்ச்சலுக்காகப் பரிசோதித்தபோது என் கணவருக்கு எச்ஐவி இருப்பது தெரியவந்தது. எனக்கு மூன்று முறை பரிசோதித்துவிட்டார்கள், தொற்று இல்லை. அவர் உடனே மாத்திரை ஆரம்பித்துவிட்டார், ஒரு நாள்கூட விடுவதில்லை. ஆறாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும் எடுத்த வைரல் லோட் டெஸ்டில் ‘கண்டறிய முடியவில்லை’ என்று வந்திருக்கிறது. ஆனால் நோய் தெரிந்த நாளிலிருந்து அவர் என்னைத் தொடுவதில்லை. தனிக் கட்டில், தனி டம்ளர், தனி சோப்பு. நான் பக்கத்தில் போனால், “உனக்கும் வந்துட்டா என்னால தாங்க முடியாது” என்கிறார். ஆணுறை போட்டால் போதுமா? முத்தம், வாய்வழி உறவு எல்லாம் ஆபத்தா? எங்களுக்குக் குழந்தை பிறந்தால் அதற்கும் வருமா? அவருக்கு எப்படி வந்தது என்று நான் இதுவரை கேட்கவில்லை, ஆனால் ராத்திரியில் அந்தக் கேள்வி தூங்க விடுவதில்லை. இத்தனைக்கும் நடுவில் எனக்கு அவர் வேண்டும் என்று தோன்றுகிறதே, அது தவறா?

பதில்: அன்புச் சகோதரி, கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தவறே இல்லை. கட்டிய கணவரோடு நெருக்கமாக இருக்க ஆசைப்படுவதற்கு நீங்கள் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. எச்ஐவியோடு வாழ்பவர்களுக்கும் அவர்களுடைய துணைகளுக்கும் பல வருடங்களாக ஆலோசனை சொல்லி வருகிறேன். ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் பலரும் இதைக் கேட்கிறார்கள். அப்படிக் கேட்க வேண்டிய நிலை இருப்பது எனக்கு இன்றும் வருத்தமாகத்தான் இருக்கிறது.

மருந்து செய்ய வேண்டிய வேலையை உங்கள் வீட்டில் செய்து முடித்துவிட்டது. மிச்சம் இருப்பது பயம். ஒரு வருடத்துக்கு முன்னால் அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது, இப்போது இல்லை. அது ஏன் என்று இரண்டு பேருக்கும் விளங்கினால்தான் அந்த இரண்டு கட்டில்களும் ஒன்றாகும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முடிந்தால் இதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

வைரல் லோட் என்பது ஒரு மில்லி ரத்தத்தில் எத்தனை வைரஸ் இருக்கிறது என்ற கணக்கு. மருந்து எடுக்காதவருக்கு அது ஆயிரக்கணக்கிலும் லட்சக்கணக்கிலும் இருக்கும். தொற்றிய புதிதில் பத்து லட்சத்தையும் தாண்டலாம். உங்கள் கணவர் எடுக்கும் எச்ஐவி மருந்தான ஏஆர்டி மாத்திரை, வைரஸ் தன்னைப் பெருக்கிக்கொள்ளும் வழியை அடைக்கிறது. ஏற்கெனவே ரத்தத்தில் இருப்பது அழிகிறது, புதிதாக உருவாவது நின்றுபோகிறது, எண்ணிக்கை மளமளவென்று இறங்குகிறது. இப்போது பரவலாகக் கொடுக்கப்படும் டொலுட்டெகிராவிர் சேர்ந்த மாத்திரையில் பலருக்கு மூன்று மாதத்துக்குள்ளேயே அது கண்டறிய முடியாத அளவுக்கு வந்துவிடும். சிலருக்கு ஆறு மாதம் வரை ஆகும். ரிப்போர்ட்டில் ஒரு லேப் ‘20-க்குக் கீழ்’ என்று எழுதும், இன்னொன்று ‘50-க்குக் கீழ்’ என்று எழுதும், வேறொன்று ‘டார்கெட் நாட் டிடெக்டட்’ என்று போடும். மெஷினுக்கு மெஷின், அது எண்ணக்கூடிய குறைந்தபட்ச அளவு மாறுகிறது, அவ்வளவுதான். உடலுறவில் பரவுமா என்ற கேள்விக்கு 200-க்குக் கீழே நிலையாக இருந்தால் போதும்.

அவருக்கு நோய் குணமாகிவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. வைரஸ் சில செல்களுக்குள் தூங்கிக்கொண்டு இருக்கிறது. மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களிலேயே மறுபடி ரத்தத்துக்கு வந்துவிடும். ஆனால் மாத்திரையை ஒழுங்காக எடுத்து, வைரல் லோட் கண்டறிய முடியாத அளவிலேயே நிலைத்திருப்பவரிடமிருந்து உடலுறவு மூலம் எச்ஐவி பரவாது. ஆணுறை இல்லாவிட்டாலும் பரவாது.

உங்களுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று இதைச் சொல்லவில்லை. ஒருவருக்கு எச்ஐவி இருந்து மற்றவருக்கு இல்லாத 1,763 ஜோடிகளை ஒன்பது நாடுகளில் ஹெச்பிடிஎன் 052 என்ற ஆய்வு பின்தொடர்ந்தது. மருந்தை உடனே ஆரம்பித்தவர்களிடமிருந்து துணைக்குத் தொற்றுவது 96 சதவீதம் குறைந்ததாக 2011-இல் அதன் முடிவு வந்தது. ‘அப்படியானால் அந்த மிச்ச நான்கு சதவீதம்?’ என்று உங்கள் கணவர் கேட்பார். மருந்து இன்னும் முழுமையாக வேலை செய்யத் தொடங்காத நேரமும், மருந்து தோற்றுப்போன நேரமும் அந்தக் கணக்கில் சேர்ந்திருந்தன. வைரஸ் நிலையாக அடங்கியிருந்த காலத்தில் துணைக்குத் தொற்றியது ஒன்றுகூட இல்லை.

அடுத்து வந்த பார்ட்னர் ஆய்வு இன்னும் நேரடியானது. அதில் சேர்ந்தவர்கள் ஆணுறை இல்லாமலே உறவு கொண்டவர்கள். 2016-இல் வந்த முடிவில் 888 ஜோடிகள், அவர்களில் பாதிக்கு மேல் ஆண்-பெண் ஜோடிகள், ஏறக்குறைய 58,000 தடவை ஆணுறை இல்லாத உறவு. எச்ஐவி உள்ளவரிடமிருந்து துணைக்குப் பரவியது பூஜ்யம். ஆண்-ஆண் ஜோடிகளை மட்டும் வைத்து அந்த ஆய்வைத் தொடர்ந்து, 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். 782 ஜோடிகள், 76,000-க்கும் மேற்பட்ட தடவை. அதிலும் பூஜ்யம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பார்ட்னர் ஆய்வின் 2016 முடிவில் 11 துணைகளுக்கும் 2019 முடிவில் 15 பேருக்கும் எச்ஐவி வந்தது உண்மை. ஆனால் வைரஸின் மரபணுவை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தபோது, அவர்களுக்கு வந்தது கூட வாழ்ந்தவரின் வைரஸ் அல்ல என்று தெரிந்தது. வெளியில் வேறு ஒருவரிடமிருந்து வந்தது. கண்டறிய முடியாத அளவில் இருப்பவரிடமிருந்து துணைக்கு உடலுறவில் பரவும் ஆபத்து இல்லை என்று உலக சுகாதார நிறுவனமும் 2023-இல் தெளிவாக எழுதிவிட்டது.

சரி, ஆணுறைக்கு வருகிறேன். உங்கள் கணவரின் இப்போதைய நிலையில், எச்ஐவிக்காக ஆணுறை கட்டாயமில்லை. இருந்தாலும் ஆரம்பத்தில் போட்டுக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். உங்கள் உடம்புக்காக இல்லை, அவருடைய மனசுக்காக. ஒரு வருடமாகத் தன்னுடைய விந்தை விஷம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர், எண்களைப் படித்த அன்றைக்கே மாறிவிட மாட்டார். ஆணுறை இருந்தால் அவருக்கு உங்கள் பக்கத்தில் வரத் தைரியம் வரும் என்றால் அது நல்ல துணைதான். கர்ப்பம் வேண்டாத மாதங்களிலும் உதவும், மற்றப் பால்வினை நோய்களிலிருந்தும் காக்கும்.

போடும்போது பலர் கவனிக்காத விஷயம் எண்ணெய். லேட்டக்ஸ் ஆணுறையோடு தேங்காய் எண்ணெய், பாடி லோஷன், பெட்ரோலியம் ஜெல்லி எதுவும் கூடாது. ரப்பர் நைந்து கிழிந்துவிடும். தண்ணீர் அல்லது சிலிக்கான் அடிப்படையிலான ஜெல் வாங்கிக்கொள்ளுங்கள். இத்தனை நாள் இடைவெளிக்குப் பிறகு பெண்ணுறுப்பு பதற்றத்தில் வறண்டிருப்பது சகஜம், உங்களுக்கு வலிக்காமல் இருக்கவும் அந்த ஜெல் வேண்டும். பாதுகாப்பு கூடும் என்று ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு போடும் பழக்கம் சிலருக்கு உண்டு. இரண்டும் உரசிக் கிழியும், வேண்டாம். பாக்கெட்டில் தேதியைப் பாருங்கள், பர்ஸில் வைத்து மாதக்கணக்காக நசுங்கியதைப் பயன்படுத்தாதீர்கள்.

முத்தத்தால் வராது, எச்சிலில் எச்ஐவி பரவாது. ஒரே டம்ளர், ஒரே சோப்பு, ஒரே கழிவறை, ஒரே படுக்கை, வியர்வை, கண்ணீர் எதனாலும் வராது. மருந்தே எடுக்காதவரிடமிருந்துகூட இவற்றால் வராது, ஆகவே அந்தத் தனி டம்ளருக்கு முதல் நாளிலிருந்தே தேவை இருந்ததில்லை. ஷேவிங் ரேசரையும் டூத்பிரஷையும் மட்டும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். எந்த வீட்டிலும் அப்படித்தான் இருக்க வேண்டும். வாய்வழி உறவில் ஆபத்து எப்போதுமே மிக மிகக் குறைவு, உங்கள் கணவரின் நிலையில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. கைகளால் ஒருவருக்கொருவர் சுகம் கொடுத்துக்கொள்வதில் பயப்பட எதுவும் இல்லை.

இவ்வளவும் தெரிந்த பிறகும் அவருக்கு மனம் துணியவில்லை என்றால், அல்லது உங்களுக்கே உள்ளூர ஒரு பயம் இருந்தால், பிரெப் என்று ஒரு வழி இருக்கிறது. தொற்று இல்லாதவர் எடுக்கும் தடுப்பு மாத்திரை அது. பெண்கள் தினமும் ஒன்று போட வேண்டும், உடலில் போதிய அளவு சேர மூன்று வாரம் கொடுப்பது நல்லது. கென்யாவிலும் உகாண்டாவிலும் உங்களைப் போன்ற 4,747 ஜோடிகளிடம் நடத்திய ஆய்வில் இது நன்றாக வேலை செய்தது 2012-இல் நிரூபணமானது. ஆரம்பிக்கும் முன் எச்ஐவி டெஸ்டோடு சிறுநீரகச் செயல்பாட்டையும் ஹெபடைடிஸ் பி-யையும் பார்ப்பார்கள். இது அவர் மேல் வைக்கும் அவநம்பிக்கை இல்லை. பாதுகாப்பில் பாதி உங்கள் கையிலும் இருக்கிறது என்ற நிம்மதிக்காகச் சிலர் எடுக்கிறார்கள். அவருடைய வைரல் லோட் இப்படியே இருந்தால் மருத்துவ ரீதியாக உங்களுக்கு இது தேவைப்படாது என்பதுதான் என் கருத்து.

கவனமாக இருக்க வேண்டிய நேரங்கள் உண்டு. தொடர்ந்து சில நாட்கள் மாத்திரை விட்டுப்போனால், மருந்து மாற்றினால், அடுத்த டெஸ்டில் எண்ணிக்கை ஏறியிருந்தால், மறுபடி இறங்கும் வரை ஆணுறை அவசியம். ஒரு வேளை மறந்துபோனதற்குப் பதற வேண்டாம். பலருக்குத் தெரியாத ஒன்றையும் சொல்கிறேன். டொலுட்டெகிராவிர் எடுப்பவர் வயிற்றெரிச்சலுக்கான அலுமினியம், மெக்னீசியம் கலந்த மருந்தைக் கூடவே குடித்தால் மாத்திரை உடம்பில் சரியாகச் சேராது. அந்த மருந்துக்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் கழித்தோ மாத்திரையைப் போட வேண்டும். கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகளும் இதே மாதிரிதான், ஆனால் சாப்பாட்டோடு போட்டால் சேர்த்தே போடலாம். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் கொடுத்தால் டொலுட்டெகிராவிர் அளவைக் கூட்ட வேண்டும். புதிதாக எந்த டாக்டரிடம் போனாலும், என்ன மாத்திரை எடுக்கிறார் என்று அவர் சொல்லியாக வேண்டும்.

எண்ணிக்கை ஏறியிருந்த சமயத்தில் ஆணுறை கிழிந்துவிட்டால் 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, மருத்துவமனைக்குப் போய், வைரஸ் உடலில் நிலைகொள்ளாமல் தடுக்கும் பெப் மருந்து கேளுங்கள். 28 நாள் எடுக்க வேண்டும். காலையில் போகலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

உங்கள் மூன்று டெஸ்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை. கடைசி உறவுக்கு மூன்று மாதம் கழித்து எடுத்ததில் இல்லை என்று வந்திருந்தால் அது உறுதியான முடிவு. அவர் மருந்து எடுக்காமல் இருந்த நாட்களிலும் சேர்ந்துதானே வாழ்ந்தோம், எப்படித் தப்பித்தேன் என்று யோசித்திருப்பீர்கள். மருந்து எடுக்காத ஆணிடமிருந்து பெண்ணுக்கு, பெண்ணுறுப்பு வழியான ஒரு தடவை உறவில் தொற்றும் வாய்ப்பு 10,000-க்கு எட்டு என்ற அளவில்தான் கணக்கிடப்பட்டிருக்கிறது. எனவே உங்களைப் போலத் தப்பியவர்கள் நிறைய. ஆனால் ஒரே தடவையில் வந்தவர்களும் உண்டு. உங்கள் உடம்புக்குத் தனி எதிர்ப்புச் சக்தி இருப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

குழந்தை விஷயத்தில் மனதைத் தைரியமாக வைத்துக்கொள்ளுங்கள். எச்ஐவி அப்பாவிடமிருந்து நேராகக் குழந்தைக்குப் போகாது. அம்மாவுக்கு இருந்தால்தான் கர்ப்பத்திலோ பிரசவத்திலோ தாய்ப்பாலிலோ குழந்தைக்கு வரலாம். உங்களுக்கு இல்லை, அவரிடமிருந்து உங்களுக்கு வரப்போவதும் இல்லை, ஆகவே உங்கள் குழந்தைக்கும் வராது. முன்பு விந்தைக் கழுவிப் பிரித்துச் செலுத்தும் செலவு பிடித்த முறைதான் வழி என்றார்கள். இன்று உங்களைப் போன்றவர்களுக்கு அது தேவையில்லை, இயற்கையாகவே கர்ப்பம் தரிக்கலாம். கருமுட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாட்களும்தான் கரு உருவாக வாய்ப்புள்ள நாட்கள். மனம் இன்னும் தயங்கினால் அந்த நாட்களில் மட்டும் ஆணுறையை விடலாம். முயற்சி தொடங்கும் முன் அவருடைய வைரல் லோடை ஒரு முறை பார்த்துவிட்டு, இருவரும் ஹெபடைடிஸ் பி, சிபிலிஸ் டெஸ்டும் செய்துகொள்ளுங்கள். கர்ப்ப காலத்தில் உங்களுக்கு வழக்கமாகச் செய்யும் எச்ஐவி டெஸ்ட்டைத் தவறவிடாதீர்கள்.

இனி அவரைப் பற்றி. “உனக்கும் வந்துட்டா” என்று சொல்லும்போது அதில் உங்கள் மேல் உள்ள பாசம் இருக்கிறது. அதோடு, தனக்குத்தானே விதித்துக்கொண்ட ஒரு தண்டனையும் இருக்கிறது என்று நினைக்கிறேன். பல ஆண்கள் இப்படித்தான் ஒதுங்குகிறார்கள். மாத்திரையைத் தவறாமல் போடுவதும் மனைவியைத் தொடாமல் இருப்பதும் அவர்கள் கணக்கில் ஒரே கடமையாகிவிடுகிறது. ஆனால் உங்கள் உடம்பைப் பற்றிய முடிவை அவர் ஒருவராகவே எடுத்துவிட்டார். நல்ல எண்ணத்தில்தான் எடுத்தார், இருந்தாலும் உங்களைக் கேட்கவில்லை. “எனக்கு வரக்கூடாதுன்னு நீங்க நினைக்கிறது புரியுது. வராதுன்னு நானும் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். இதுல முடிவு எடுக்க எனக்கும் உரிமை இருக்கு” என்று நிதானமாகச் சொல்லுங்கள். படுக்கையறையில் வேண்டாம், பகலில் வேறு இடத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள்.

அப்புறம், அடுத்த முறை அவர் மாத்திரை வாங்கப் போகும்போது கூடவே போங்கள். அவர் முன்னாலேயே டாக்டரிடம் நீங்கள் வாய்விட்டுக் கேளுங்கள்: “வைரல் லோட் இந்த அளவில் இருக்கும்போது ஆணுறை இல்லாமல் சேர்ந்தால் எனக்கு எச்ஐவி வருமா?” சில டாக்டர்கள் பழைய பழக்கத்தில், “எதுக்கும் ஆணுறை போட்டுக்குங்க” என்று முடித்துவிடுவார்கள். அதோடு எழுந்து வந்துவிடாதீர்கள். “எச்ஐவிக்காகவா, இல்லை வேறு காரணத்துக்காகவா?” என்று திரும்பக் கேளுங்கள். அந்த இரண்டாவது கேள்விக்கு டாக்டர் வாயிலிருந்து வரும் பதிலைத்தான் உங்கள் கணவர் காதால் கேட்க வேண்டும்.

வீட்டில் மெதுவாகத் தொடங்குங்கள். இன்றைக்கு உறவு வேண்டாம் என்று முன்கூட்டியே பேசிக்கொண்டு ஒரே கட்டிலில் படுங்கள். எதிர்பார்ப்பு இல்லை என்று தெரிந்தால்தான் அவருடைய உடம்பு தளரும். பிறகு சேரும்போது முதல் சில தடவை அவருக்கு விறைப்பு வராமல் போகலாம், நடுவில் விலகிவிடலாம். உங்கள் மேல் ஆசை போய்விட்டது என்று அதை எடுத்துக்கொள்ளாதீர்கள், பயத்தில் உடம்பு அப்படித்தான் செய்யும். தினமும் “மாத்திரை போட்டீங்களா?” என்று கேட்கும் காவலராகவும் ஆகிவிடாதீர்கள். ஒரு வருடம் தவறாமல் எடுத்தவருக்கு அந்தக் கேள்வி தேவையில்லை. அவர் தூங்குவதில்லை, எதிலும் பிடிப்பில்லாமல் இருக்கிறார் என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். டொலுட்டெகிராவிர் சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும், காலையில் போடும்படி மாற்றினாலே சரியாகிவிடலாம். மனச்சோர்வாக இருந்தால் அதற்குத் தனியாகச் சிகிச்சை வேண்டும்.

ராத்திரியில் தூங்க விடாத அந்தக் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியாது, டெஸ்டாலும் முடியாது. எச்ஐவி ரிப்போர்ட் தொற்று இருக்கிறதா என்று மட்டும்தான் சொல்லும், எப்போது வந்தது என்று சொல்லாது. பத்து வருடம்கூட அறிகுறி இல்லாமல் உடம்பில் இருக்கக்கூடிய வைரஸ் அது. உங்கள் திருமணத்துக்கு முன்பே வந்திருக்கலாம், பின்பும் வந்திருக்கலாம். இதை அவருக்காக வாதாடவும் சொல்லவில்லை, குற்றம் சாட்டவும் சொல்லவில்லை. கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு, கேட்காமல் விடும் உரிமையும் உண்டு. ஆனால் கேட்காமலே உள்ளுக்குள் புழுங்குவது உங்களை அரித்துவிடும். கேட்பதென்றால் சண்டைக்கு நடுவில் கேட்காதீர்கள், ஆலோசகர் ஒருவர் கூட இருக்கும்போது கேளுங்கள். அவருக்கு வெளியில் உறவு ஏதாவது இருந்து அது இப்போதும் தொடர்ந்தால், மற்றப் பால்வினை நோய்கள் உங்களுக்கு வராமல் மாத்திரை காப்பாற்றாது, அங்கே ஆணுறைதான் வேண்டும். அந்த அளவுக்காவது உண்மை உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும்.

வீட்டில் மற்றவர்களிடம் இதைச் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் இருவர் விருப்பம். எவருக்கும் சொல்லியாக வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் நீங்கள் இரண்டு பேரும் நம்பும் ஒரே ஒருவருக்காவது தெரிந்திருந்தால், நீங்கள் மட்டும் இந்தப் பாரத்தைச் சுமக்க வேண்டியிருக்காது.

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த பிறகும் சந்தேகம் இருந்தால் எழுதுங்கள். அவருக்கும் தனியாகக் கேட்க வேண்டியது இருக்கும், எழுதச் சொல்லுங்கள். உங்களிடம் சொல்ல மாட்டேன், அவருக்கே பதில் எழுதுகிறேன்.